பாட்டாவின் பட்டாளக் காகிதங்கள்: வாசகர் கேள்வி – பதில்

குமரி மாவட்ட வாசகர்களிடமிருந்து ஒரே விஷயத்தைப் பற்றிப் பல கேள்விகள் வந்துள்ளன. போருக்குப் போனவர் மனைவிக்கு எழுதிய காகிதங்கள், அதாவது கடிதங்கள், வீட்டில் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். பழைய தாள்களைப் பேணுவதிலும் ராணுவத் தபால் உறைகளைப் படிப்பதிலும் பழக்கமுள்ளவர்கள் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: பாட்டா (தாத்தா) இரண்டாம் உலகப் போரில் பர்மா பக்கம் இருந்தவர். ஆச்சி (பாட்டி) காலமான பிறகு அவர்களுடைய டிரங்குப் பெட்டியில் 40-க்கு மேல் காகிதங்கள் கிடைத்தன. சணல் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்கள். சில உறைகளின் மேல் ஆச்சி பென்சிலால் தேங்காய்க் கணக்கு எழுதியிருக்கிறார்கள். அதை அழித்துச் சுத்தம் செய்து, எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிடலாமா?
– வாசகி, தக்கலை

பதில்: லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகும் பசை தாளுக்குள் இறங்கிவிடும். பிறகு எந்த நிபுணராலும் அதைத் தாள் கெடாமல் பிரித்தெடுக்க முடியாது. போர்க்காலத் தாள் மட்டமானது, அமிலம் நிறைந்தது. பிளாஸ்டிக்குக்குள் அடைத்தாலும் உள்ளேயே பழுத்து நொறுங்கும்.

தேங்காய்க் கணக்கைத் தொடவே வேண்டாம். பாட்டாவின் கை காகிதத்துக்குள் இருக்கிறது என்றால், ஆச்சியின் கை அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கட்டின் வரிசையும் அவர்கள் வைத்ததே. அது தேதி வரிசையாக இருக்கலாம், திரும்பத் திரும்ப எடுத்துப் படித்த காகிதம் மேலே இருக்கலாம். கயிற்றை அவிழ்க்கும் முன் கட்டை நாலு பக்கமும் படம் எடுங்கள். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்க மூலையில் 2பி பென்சிலால் மெதுவாக எண் இடுங்கள். 7-ஆம் காகிதத்தின் உறை ‘7 உ’, உள்ளே இருந்த போட்டோ ‘7 ப’. பேனா கூடாது. உறையைத் தனியாகவும் காகிதத்தைத் தனியாகவும் அடுக்கிவிட்டால் எது எதனோடு வந்தது என்பது என்றைக்கும் தெரியாமல் போகும்.

மடிப்பை நீட்ட இஸ்திரிப் பெட்டி வேண்டாம். காகிதத்தை விரித்து, மேலும் கீழும் மை உறிஞ்சும் தாள் வைத்து, கனமான புத்தகங்களை ஒரு வாரம் ஏற்றி வைத்தால் போதும். குண்டூசி துருப்பிடித்து ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, தாளைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டு ஊசியை மட்டும் நகர்த்துங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றினால் இந்தத் துரு தாளையே ஓட்டையாக்கிவிடும். அங்குள்ளவர்கள் முதலில் ஊசியைக் கவனிக்க வேண்டும்.

மடிப்பில் கிழிந்திருந்தால் செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பிளாஸ்டிக் உதிரும், பசை மட்டும் மஞ்சள் பட்டையாகத் தாளில் தங்கும். கிழிந்த துண்டுகளைச் சேர்த்து ஒரு தாள் உறைக்குள் வையுங்கள். ஒட்டும் வேலை காகிதப் பாதுகாப்பு தெரிந்தவருக்கு உரியது. அவர் கோதுமை ஸ்டார்ச் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் வைத்து, வேண்டுமானால் திரும்ப எடுக்கிற மாதிரி ஒட்டுவார்.

கேள்வி: காகிதம் பென்சிலில் எழுதியது. ஆனால் நடுநடுவே ஊதா நிறமாக இருக்கிறது. ஓர் இடத்தில் பெரிய ஊதாத் திட்டு. ஈரத் துணியால் துடைக்கலாமா?
– வாசகர், குழித்துறை

பதில்: துடைத்தால் எழுத்து முழுவதும் போய்விடும். அது காப்பியிங் பென்சில். கரியோடு ஊதாச் சாயம் கலந்து செய்தது. உலர்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் போலச் சாம்பல் நிறம். ஈரம் பட்டால் மை. பேனாவும் மைக்கூடும் தூக்கிக்கொண்டு அலைய முடியாத இடத்தில் சிப்பாய்களுக்கு இதுதான் வசதி.

உங்கள் காகிதத்தை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். வரியின் முதல் இரண்டு சொல் பளிச்சென்று ஊதாவாகவும், அடுத்த நாலைந்து சொல் மங்கிச் சாம்பலாகவும், மறுபடி ஊதாவாகவும் இருந்தால், எழுதியவர் பென்சில் முனையை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். எந்த இடத்தில் நிறுத்தினார், எங்கே தொடர்ந்தார் என்பதுகூடத் தெரியும். பெரிய திட்டு எப்போதோ விழுந்த நீர்த்துளி. மழையா, வியர்வையா, இங்கே வீட்டில் படிக்கும்போது விழுந்ததா என்று திட்டை வைத்துச் சொல்ல முடியாது. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

இந்தக் காகிதங்களுக்கு நீராவி காட்டி மடிப்பு நீட்டுவதும் ஆகாது. ஈரக் கையால் தொடக்கூடாது. நீல-கறுப்பு மையில் எழுதியவை வேறு வகை. அந்த மையில் இரும்புச் சத்து உண்டு. காலப்போக்கில் பழுப்பாகி, அழுத்தி எழுதிய இடங்களில் தாளை அரித்துவிடும். அதற்கும் ஈரம்தான் எதிரி.

கேள்வி: தேதி இருக்கும் இடத்தில் ‘1119 ௵ மாசி ௴ 17 ௳’ என்று இருக்கிறது. இது என்ன கணக்கு?
– ஆசிரியர் ஒருவர், திருவட்டாறு

பதில்: ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. 1119 என்பது கொல்லம் ஆண்டு. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன் நம் தாலுகாக்கள் திருவிதாங்கூரில் இருந்ததால் பத்திரம், பள்ளிக்கூடப் பதிவு, காகிதம் எல்லாவற்றிலும் கொல்லம் ஆண்டுதான்.

ஆவணியில் கொல்லம் ஆண்டு பிறக்கும். ஆவணி முதல் மார்கழி நடு வரை, அதாவது ஆங்கில டிசம்பர் முடிய, 824-ஐக் கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடிய 825-ஐக் கூட்டுங்கள். 1119 மாசி என்றால் 1119 + 825 = 1944. மாசி பிப்ரவரி 13 வாக்கில் பிறக்கும். ஆகவே 17-ந் தேதி என்பது 1944 பிப்ரவரியின் கடைசி நாள் அல்லது அதற்கு மறுநாள். மலையாள மாதப் பிறப்பும் தமிழ் மாதப் பிறப்பும் சில மாதங்களில் ஒரு நாள் மாறும். அதனால் ஒரு நாள் முன்பின் இருந்தால் கவலைப்பட வேண்டாம்.

சிலர் கும்பம், மீனம், மேடம் என்று மலையாள மாதம் எழுதுவார்கள். கும்பம் மாசி, மீனம் பங்குனி, மேடம் சித்திரை, இடவம் வைகாசி. சிலர் தமிழ் வருஷப் பெயரும் சேர்த்திருப்பார்கள். அது நல்ல சரிபார்ப்பு. 1942-43 சித்திரபானு, 1943-44 சுபானு, 1944-45 தாரண, 1945-46 பார்த்திப. தமிழ் வருஷம் சித்திரையில் மாறும், கொல்லம் ஆவணியில் மாறும். எனவே 1119 மாசியில் ‘சுபானு’ என்றும் 1119 வைகாசியில் ‘தாரண’ என்றும் இருப்பதுதான் சரி. பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

கேள்வி: உறையில் அனுப்பிய ஊரின் பெயரே இல்லை. வட்ட முத்திரையில் ஓர் எண் மட்டும். ஓரத்தில் யாரோ கிழித்து மறுபடி ஒட்டிய சீட்டு. உள்ளே இரண்டு வரியில் கறுப்பு மை பூசியிருக்கிறது. தபால்தலையை மட்டும் வெட்டிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதாக ஒருவர் சொல்கிறார்.
– வாசகர், இரணியல்

பதில்: வெட்டாதீர்கள். தலையையும் முத்திரையையும் வெட்டி எடுத்தால் உறை செத்துவிடும், உங்கள் பாட்டா எங்கே இருந்தார் என்பதற்கான ஒரே சாட்சியும் போய்விடும்.

ஊர் பெயர் இல்லாததற்குக் காரணம் தணிக்கை. போர்முனையிலிருந்து எழுதுகிறவர் இடத்தையோ படைப் பிரிவின் நகர்வையோ எழுதக் கூடாது. தமிழில் எழுதியதைத் தமிழ் தெரிந்த தணிக்கையாளர் பிரித்துப் படித்து, ஆகாத வரியில் மை பூசியோ வெட்டியோ, சீட்டு ஒட்டி முத்திரை வைத்து அனுப்புவார். அந்தச் சீட்டைப் பிரிக்க வேண்டாம். மை பூசிய வரியை ரசாயனம் போட்டு அழிக்கவும் வேண்டாம். தாளின் பின்னாலிருந்து வெளிச்சம் காட்டியும், பக்கவாட்டில் சாய்வாக டார்ச் அடித்தும் படம் எடுங்கள். அழுத்தி எழுதியிருந்தால் பள்ளம் தெரிந்து சில எழுத்து வாசிக்கலாம்.

முத்திரையில் உள்ள எண் களத் தபால் நிலையத்தின் எண். அந்தத் தபால் நிலையம் படையோடு சேர்ந்து இடம் மாறும். அதனால் எண்ணை மட்டும் வைத்து ஊர் சொல்ல முடியாது, எண்ணும் தேதியும் சேர்ந்தே சொல்லும். எந்த எண் எந்த மாதம் எங்கே இருந்தது என்ற பட்டியல்களை ராணுவத் தபால் சேகரிப்பவர்கள் தொகுத்து வைத்திருக்கிறார்கள். தெளிவான படம் ஒன்று இருந்தால் அவர்களால் பார்த்துச் சொல்ல முடியும்.

சுதந்திரத்துக்குப் பிந்திய காகிதங்களில் ‘56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’ என்று இருக்கும். ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம். 56-க்கான தபால் டெல்லி வழியாகவும் 99-க்கானது கல்கத்தா வழியாகவும் பிரியும். இன்லேண்ட் லெட்டர் என்றால் 1950-க்கு முந்தியது ஆகாது. 9-ல் தொடங்கும் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. வீட்டிலிருந்து போன காகிதத்தில் 5 பைசா அகதிகள் நிவாரணத் தலை கூடுதலாக ஒட்டியிருந்தால் அது 1971 நவம்பர் நடுவுக்கும் 1973 மார்ச்சுக்கும் இடைப்பட்டது. வங்கதேசப் போர்க் காலத்துக் காகிதங்களை இப்படிப் பிரிக்கலாம். அனுப்பியவர் ‘ஜமேதார்’ என்று போட்டிருந்தால் 1965-க்கு முந்தியது. அதன் பிறகு அந்தப் பதவிக்கு நாயப் சுபேதார் என்று பெயர்.

கேள்வி: ‘20 ரூபாய் மணியார்டர் வரும். அதில் மயினிக்கு [அண்ணிக்கு] 14 பணம் கொடு’ என்று எழுதியிருக்கிறார். பணம் என்றால் என்ன?
– வாசகி, குலசேகரம்

பதில்: திருவிதாங்கூர் நாணயம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய் (திருவிதாங்கூர் அரசின் கணக்கு ரூபாய்). 14 பணம் என்றால் 56 சக்கரம், இரண்டு சர்க்கார் ரூபாய். பட்டாளத்திலிருந்து வந்ததோ பிரிட்டிஷ் ரூபாய். அதற்கு 28 சக்கரமும் 8 காசும் மதிப்பு. 20 பிரிட்டிஷ் ரூபாய்க்கு 570 சக்கரம், அதாவது 20 சர்க்கார் ரூபாயும் 10 சக்கரமும். அந்தப் பத்துச் சக்கரத்தை உங்கள் ஆச்சி நிச்சயம் கணக்குப் பார்த்திருப்பார்கள். 1942-ல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் திருவிதாங்கூருக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்று, மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கை நம்பி வீடுகள் ஓடிய காலம் அது. காகிதத்தில் அரிசி விலை, ரேஷன், கிழங்கு பற்றிய வரிகள் வந்தால் அவற்றைச் சின்ன விஷயம் என்று படியெடுக்காமல் விடாதீர்கள்.

திருவிதாங்கூருக்குச் சொந்தமான அஞ்சல் நிலையங்களும், பிரிட்டிஷ் இந்தியத் தபால் நிலையங்களும் அப்போது பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. 1951-ல்தான் அஞ்சல் இந்தியத் தபாலோடு இணைந்தது. காகிதத்தில் ‘அஞ்சலில் போடாதே, தபாலில் போடு’ என்று இருந்தால் குழம்ப வேண்டாம்.

கேள்வி: எழுத்தை வாசிக்கவே முடியவில்லை. புள்ளியும் இல்லை, சில எழுத்து வேறு மாதிரி இருக்கிறது. படியெடுக்கும்போது திருத்தி எழுதலாமா?
– கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

பதில்: 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வரும் வரை ணா, றா, னா மூன்றும் சுழித்துச் சேர்த்து எழுதப்பட்டன, லை, ளை, ணை, னை நான்கும் மேலே தும்பிக்கை வைத்து எழுதப்பட்டன. முதலில் இந்த ஏழு எழுத்தையும் உங்கள் காகிதத்திலிருந்தே தேடி எடுத்து ஒரு தாளில் வரைந்து கொள்ளுங்கள். பாதிச் சிக்கல் தீரும். அடுத்தது காலும் ‘ர’வும். கையெழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், சொல்லின் பொருளை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். புள்ளி இல்லாத ‘பிளளைகள’ என்பதைப் ‘பிள்ளைகள்’ என்று வாசிக்கக் கண் இரண்டு பக்கத்தில் பழகிவிடும்.

படி இரண்டு செய்யுங்கள். முதல் படி வரிக்கு வரி, உள்ளபடி. அவர் ‘காயிதம்’ என்று எழுதியிருந்தால் ‘காயிதம்’தான். மயினி, விளை (தோப்பு), மரச்சீனி போன்ற நம் ஊர்ச் சொற்களைப் பொதுத் தமிழாக மாற்றினால் அவருடைய குரலே போய்விடும். தெரியாத எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி, தெரியாத சொல்லுக்கு மூன்று. ஊகித்து நிரப்பினால் அதன் கீழே கோடு போடுங்கள். இரண்டாவது படிதான் வீட்டார் படிக்கத் திருத்தியது.

ஒரே ஆளின் காகிதங்களில் இரண்டு மூன்று கையெழுத்து இருந்தால் போலி என்று நினைக்க வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் தோழரிடம் சொல்லி எழுதுவித்ததுண்டு. இங்கேயும் மனைவிக்கு உபதேசியாரோ வாத்தியாரோ படித்துச் சொல்லியிருக்கலாம். நடுவில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துதான் அவர் எழுதினார். ‘உன் உடம்பைப் பார்த்துக்கொள்’ என்ற ஒரு வரியை அந்தக் கணக்கில் வைத்துப் படியுங்கள். அதே சமயம் மழை, யானை என்றெல்லாம் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் ரகசிய அர்த்தம் தேடவும் வேண்டாம். பெரும்பாலும் மழை மழைதான்.

கேள்வி: பெட்டியில் பாச்சை உருண்டை போட்டிருக்கிறோம். ஆனாலும் இராமபாணப் பூச்சி அரிக்கிறது, பூசணமும் பிடிக்கிறது.
– வாசகர், அருமனை

பதில்: பாச்சை உருண்டையால் பூசணம் போகாது. அதன் நெடி உடம்புக்கும் கெடுதல். எடுத்துவிடுங்கள். நம் மாவட்டத்தில் ஆனி-ஆடியில் ஒரு மழை, ஐப்பசி-கார்த்திகையில் ஒரு மழை. வருஷத்தில் பாதி நாள் காற்றில் ஈரம். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூசணம் வளரும். இராமபாணத்துக்கும் ஈரம் பிடிக்கும். அது முதலில் தின்பது உறையின் மடக்கில் உள்ள பசையை. அங்கேதான் முதலில் பாருங்கள்.

பூச்சியைக் கொல்ல: காகிதங்களை ஜிப் பாலிதீன் உறையில் காற்றை வெளியேற்றி மூடி, அதை இன்னொரு உறையில் போட்டு, மைனஸ் 18 டிகிரி உள்ள ஃப்ரீசரில் 14 நாள் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்கக் கூடாது. 24 மணி நேரம் அப்படியே விட்டால்தான் உறையின் வெளியே வேர்க்கும் தண்ணீர் தாளில் படாது. அவசரப்பட்டுப் பிரித்துக் காப்பியிங் பென்சில் எழுத்தை இழந்துவிடாதீர்கள். போட்டோக்களை இதில் சேர்க்க வேண்டாம். போர்க்காலத்தில் ஏர்கிராஃப் என்று ஒரு முறை இருந்தது. காகிதத்தைச் சின்ன ஃபிலிமில் படம் பிடித்து விமானத்தில் அனுப்பி, இறங்கிய இடத்தில் உள்ளங்கை அளவு பிரிண்ட் போட்டுக் கொடுப்பார்கள். அதுவும் போட்டோதான், அதையும் தனியே வையுங்கள்.

பூசணம் பிடித்ததை வீட்டுக்குள் தட்டாதீர்கள். என்95 முகமூடி போட்டு, காற்று எதிர்த்திசையில் அடிக்காத திண்ணையில், நன்றாகக் காய்ந்த பிறகு மென்மையான பிரஷால் ஒரே பக்கமாகத் தள்ளுங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம், மை வெளுக்கும். நிழலும் மின்விசிறியும் போதும்.

வைப்பதற்கு அமிலமில்லாத தாள் உறை, அதன் வெளியே மூடியுள்ள பெட்டி. பி.வி.சி. உறை கூடாது, பாலியெஸ்டர் உறை நல்லது. 20 லிட்டர் பெட்டிக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது. 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். தென்மேற்குச் சாரல் அடிக்கும் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். உள்ளறையில், தரையிலிருந்து உயரத்தில், கரையான் ஏற முடியாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: ஸ்கேன் எந்த அளவில்?
– வாசகர், சுசீந்திரம்

பதில்: 600 டி.பி.ஐ., கலர், டிஃப் வடிவம். காகிதத்தின் இரண்டு பக்கம், உறையின் இரண்டு பக்கம், காலிப் பக்கமும் சேர்த்து. ஏ4 அளவுக்கு ஒரு படம் சுமார் 100 எம்.பி. வரும். 40 காகிதத்துக்கு 160 படம் என்றால் 16 ஜி.பி. மூன்று பிரதி வேண்டும். அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

கேள்வி: பாட்டாவின் சேவை விவரம் எங்கே கிடைக்கும்? உறையில் ‘ஐ.எச்.சி.’ என்று இருக்கிறது. இன்னொரு சொந்தக்காரர் பர்மாவில் இறந்தார் என்கிறார்கள், இடம் தெரியாது.
– வாசகி, இராஜாக்கமங்கலம்

பதில்: ஐ.எச்.சி. என்பது இந்தியன் ஹாஸ்பிட்டல் கோர். 1943 ஏப்ரல் 3-ல் அது இந்திய ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்தது. ஆகவே அந்த உறை பெரும்பாலும் அதற்கு முந்தியது. மருத்துவப் படையின் ஆவண அலுவலகம் லக்னோவில். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெல்லிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்கும் பயனியர் படைக்கும் பெங்களூரு, தகவல் தொடர்புப் படையான சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு. திருவிதாங்கூர் மன்னரின் படையில் இருந்தவர் என்றால், அதன் இரண்டு பட்டாலியன்கள் 1954-ல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 9-வது, 16-வது பட்டாலியன்களாகச் சேர்ந்தன, அங்கே கேளுங்கள். பெயரைவிடப் படை எண்தான் முக்கியம். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் இல்லாவிட்டால் காகிதத்தின் தலைப்பிலோ மணியார்டர் துண்டிலோ எண் இருக்கும். நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதும் முறை சொல்வார்கள்.

இறந்தவரைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் கட்டணமில்லாமல் தேடலாம். பர்மாவில் கல்லறை தெரியாமல் போன சுமார் 27,000 பேரின் பெயர் தாவ்க்கியானில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் இருக்கிறது. தகனம் செய்யப்பட்டவர்களுக்கு அதே வளாகத்தில் தனி நினைவுச் சின்னம் உண்டு. ஆங்கில எழுத்துக்கூட்டு மாறியிருக்கும். நாலு விதமாக அடித்துப் பாருங்கள்.

கேள்வி: புத்தகமாகப் போடலாமா? யாரிடம் அனுமதி?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: காகிதம் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத் தாள்தான் சொந்தம். எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பிறகு வாரிசுகளுக்கும். வாரிசுகள் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கடன், நோய், குடும்பச் சண்டை பற்றிய வரிகளில் வரும் மூன்றாம் மனிதர்களின் பெயரை மறையுங்கள். இப்போது பணியில் இருப்பவரின் காகிதம் என்றால் படைப் பிரிவும் எண்ணும் வெளியே வரவே கூடாது.

கேள்வி: பாட்டா எழுதியது எல்லாம் இருக்கிறது. ஆச்சி எழுதிய பதில் ஒன்றுகூட இல்லை. அதை எப்படியாவது தெரிந்துகொள்ள வழி உண்டா?
– முதல் கேள்வி கேட்ட அதே வாசகி, தக்கலை

பதில்: உண்டு, கொஞ்சம் பொறுமை வேண்டும். களத்தில் இருப்பவர் மூட்டையில் காகிதங்களைச் சேர்த்து வைக்க முடியாது. மழையில் நனையும், நகரும்போது போட்டுவிட்டுப் போக நேரும். ஆனால் அவர் எழுதும் காகிதங்களில் பெரும்பாலானவை ஆச்சியின் ஒரு காகிதத்துக்குப் பதில்தான்.

நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள். பாட்டாவின் காகித எண், எழுதிய தேதி, அதில் அவர் குறிப்பிடும் ஆச்சியின் காகிதத் தேதி, அவர் பதில் சொல்லும் விஷயம், கேட்டும் பதில் வராத விஷயம். ‘நீ 3-ந் தேதி எழுதினது 24-ந் தேதி கிடைத்தது. பசு விற்றது சரிதான். பிள்ளைக்குப் பேதி நின்றதா?’ என்று ஒரு வரி இருந்தால் ஆச்சி 3-ந் தேதி எழுதியிருக்கிறார்கள், காகிதம் 21 நாள் பயணம் செய்திருக்கிறது, பசுவை அவர்களாகவே முடிவு செய்து விற்றிருக்கிறார்கள், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கிறது. பயணக் கணக்கைத் தவிர மற்ற மூன்றும் ஆச்சியின் காகிதத்திலிருந்து வந்தவை.

நாற்பதையும் இப்படிப் போட்டு முடித்த பிறகு, உறையில் உள்ள தேங்காய்க் கணக்கை அந்தத் தேதிகளோடு பக்கத்தில் வையுங்கள். மணியார்டர் வந்த மாதமும் வராத மாதமும் கணக்கிலேயே தெரியும். ‘ஏன் எழுதவில்லை’ என்று பாட்டா மூன்று காகிதத்தில் தொடர்ந்து கேட்கிறாரா? அந்த மாதங்களின் கணக்கை முதலில் பாருங்கள். நோட்டைப் பென்சிலால் எழுதுங்கள், நிறைய அழித்து எழுத வேண்டி வரும்.